நாலில் இரண்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சுற்றுதான் ஆடினேன். மற்ற நேரமெல்லாம் வந்த சீட்டைப் பார்த்தேன், ஆடாமல் கவிழ்த்தேன், டீ குடித்தேன். கிரேன் ஓட்டுபவர் பொறுக்கமாட்டாமல், "அக்கா, நீங்க ஆட வந்தீங்களா, எங்கள வேவு பாக்க வந்தீங்களா?" என்றார். அந்த ஒரு சுற்றை மொத்தமாக அள்ளிக்கொண்டு நான் எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இங்கே எனக்குப் பெயர் 'பூட்டு'. நல்ல பெயர்தான்.

டயர்க்கடை மாடியில் ஓர் அறை, ஒரு பச்சை மேஜை, முட்டுக் கொடுத்தால் மட்டும் திறந்து நிற்கும் ஒரு ஜன்னல். செவ்வாயும் வியாழனும் மதிய ஆட்டம். ஆடுவது ஒமாஹா ஹை-லோ. ஆளுக்கு நாலு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து ரெண்டு, நடுவிலிருந்து மூணு எடுத்துக் கட்ட வேண்டும் — ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பந்தயமாகக் குவிந்த காயினில் பாதி பெரிய சீட்டுக்காரனுக்கு, பாதி சின்ன சீட்டுக்காரனுக்கு. சின்னது என்றால் ஐந்தும் எட்டுக்குள் இருக்க வேண்டும். ஏஸ் ரெண்டு பக்கமும் செல்லும்.

எல்லோரும் பாதிக்கு ஆசைப்பட்டு ஆடுகிறார்கள். பாதி என்பது பெரும்பாலும் நாம் போட்டதே நமக்குத் திரும்பி வருவது. அதே சின்னச் சீட்டு இன்னொருவனிடமும் இருந்தால் பாதியும் கால் ஆகிவிடும், ஜெயித்தும் நஷ்டம். ஏஸும் ரெண்டும் வர வேண்டும், கூடவே பெரிய பக்கத்துக்கும் வழி இருக்க வேண்டும், அப்போதுதான் நான் தொடுவேன். ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று பார்க்க அழகாக வரிசை கட்டி வரும் நடுச்சீட்டு எந்தப் பக்கத்துக்கும் உருப்படாது. உடனே கவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

சீட்டைக் கவிழ்க்கத் தெரிந்த அளவுக்குக் கோபத்தைக் கவிழ்க்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் புருஷனோடு இருந்திருப்பேன். அவன் கை நீட்டினான், நானும் நீட்டினேன், பல் போனது அவனுக்கு. பல் கட்ட அழைத்துப்போன இடத்தில்தான் பல் டாக்டர் பழக்கம். அவர் மூலமாக இந்த அறை. என் மூலமாகத் தம்பிக்கு இங்கே சீட்டுப் போடும் வேலை. புருஷனால் நடந்த ஒரே நல்ல காரியம்.

மார்ச் 4, புதன்

இறைச்சிக் கூடத்தில் இன்று தொடை எலும்பு பிரிக்கும்போது கத்தி வழுக்கி இடது கை மேல் இறங்கியது. அலகை அப்படியே பிடித்து நிறுத்தினேன், இரும்பு வலைக் கையுறை கிறீச்சென்றது. கீறல்கூட இல்லை. பக்கத்து மேஜைக்காரி, "அலகையே புடிக்கிறியே, பாக்கவே கூசுது" என்றாள். என் இடது கைக்குப் பயம் விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது.

மார்ச் 12, வியாழன்

அறைக்குப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். கட்டட கான்ட்ராக்டர். கதவருகே அவனுடைய டிரைவர், கழுத்தே இல்லாத ஆள். கான்ட்ராக்டர் எல்லாச் சீட்டையும் ஆடுகிறான். நாலும் நாலு திசையில் கிடந்தாலும் ஆடுகிறான். ரெண்டு சீட்டு ஆட்டத்தில் பழகியவன் போல. ரெண்டே ரெண்டுதான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் அவன் மண்டையில் ஏறவே இல்லை. கையில் ஒரே இனத்தில் ஒன்றுதான் இருக்கும், நடுவில் அதே இனத்தில் நாலு விழுந்துவிட்டால் ஐந்தும் ஒரே இனம், பெரிய சீட்டு என்று குதிக்கிறான். தம்பி ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்கிறான்: "சார், கையிலேர்ந்து ரெண்டு எடுக்கணும்."

மேஜையே உள்ளுக்குள் சிரிக்கிறது. நானும்தான். இவன் ஒருவன் இருந்தால் போதும், என் கத்தி வேலையையே விட்டுவிடலாம் போலிருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

கிரேன்காரர் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு போன் பேச எழுந்தார். கான்ட்ராக்டர் உடனே, "எழுந்துட்டான். சீட்டு செத்துச்சு" என்றான். உண்மையில் அது டயர்க்கடைக்காரர் வைத்த சட்டம்தான் — ஆட்டம் நடக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்தால் சீட்டு செல்லாது. அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்க்கும் சண்டையை நிறுத்த வைத்த சட்டம். கிரேன்காரர் ஏதோ முணுமுணுத்தார். கான்ட்ராக்டர் சாம்பல் கிண்ணத்தை எடுத்து முகத்துக்கு நேராக வீசினான். புருவம் கிழிந்து, சட்டைக் காலரெல்லாம் ரத்தம்.

டயர்க்கடைக்காரர் மேஜையைத் துடைத்தார். ஆட்டம் தொடர்ந்தது. நானும் தொடர்ந்தேன். என்ன ஜென்மம் நாங்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

எழுதாமல் இருந்தால் எழுந்துபோய் எதையாவது உடைப்பேன்.

நடுவில் நாலு இஸ்பேட். கான்ட்ராக்டர் கையில் இஸ்பேட் ஏஸ் ஒன்றே ஒன்று. இருந்த காயின் எல்லாவற்றையும் தள்ளினான். என்னிடம் இஸ்பேட் ரெண்டு இருந்தது, சின்னப் பக்கமும் இருந்தது. திறந்தோம். தம்பி குவியலை என் பக்கம் தள்ளி, "சார், கையிலேர்ந்து ரெண்டு எடுக்கணும். உங்ககிட்ட ஒன்னுதான்" என்றான். அதுவரைக்கும் வழக்கம்தான்.

பல் டாக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்காவுக்கு இன்னிக்கு யோகம்டா தம்பி" என்றார்.

"அக்காவா?" என்றான் கான்ட்ராக்டர். "இவ உன் அக்காவா? அக்கா ஜெயிக்கிறா, தம்பி சீட்டு போடுறானா?"

அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தம்பி கள்ளச்சீட்டுப் போடுகிறவன் இல்லை. அவனுக்கு அந்தத் திருட்டு வராது, சின்ன வயதில் பொய் சொன்னாலே விக்கல் எடுக்கும்.

கான்ட்ராக்டர் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த, டயர் கழற்றும் இரும்பு லிவரை உருவினான். ஜன்னல் தடாலென்று விழுந்தது, நாங்கள் எல்லோரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தோம். அடுத்த சத்தம் மேஜையில். தம்பியின் வலது கை சீட்டுக்கட்டின் மேல் விரிந்தபடி இருந்தது. அதன் மேல் இறக்கினான். ஓங்கி இன்னொரு தடவை இறக்கினான். எலும்பு உடையும் சத்தம் எனக்குத் தெரியாததா. தினமும் கேட்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது.

நான் மேஜை மேல் ஏறிப் பாய்ந்து அவன் காதைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. டிரைவர் என் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். எழுந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். தம்பி கத்தவே இல்லை. சீட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தான், இடது கையால்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூன்று விரல்கள் நொறுங்கியிருக்கின்றன. எலும்பு எப்படியோ சேர்ந்துவிடுமாம். தசைநாரைச் சேர்க்கப் பெரிய ஆஸ்பத்திரியில் தனியாக ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டும். "ரெண்டு மாசத்துக்குள்ள பண்ணிடுங்கம்மா. அப்புறம் பண்ணாலும் விரல் மடங்காது" என்றார். செலவைச் சொன்னார். அவ்வளவு தொகையை நான் மொத்தமாகப் பார்த்ததே இல்லை.

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "அவன் கழுத்த அறுத்துட்டு உள்ள போறேன்" என்றான். சாதாரணமாகச் சொன்னான். பயந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

டிரைவர் பைக்கில் வந்து எங்கள் ஜன்னலை உடைத்துவிட்டுப் போனான். காதுக்குப் பதிலாம். தம்பி உடைந்த கண்ணாடித் துண்டோடு தெருமுனை வரை ஓடினான். நான் பின்னால் ஓடி, கீழே தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டேன். முப்பது வயது ஆம்பளை, என் கீழே கிடந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். தெருவே வேடிக்கை பார்த்தது.

எனக்கும் கான்ட்ராக்டரைக் கொல்லத்தான் ஆசை. கத்தியை எந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் தம்பி ஜெயிலுக்குப் போகக் கூடாது. எனக்கு அவன் ஒருவன்தான். இதற்கு மேல் நான் யோசிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

போனேன். மறுபடி அதே மேஜை. கான்ட்ராக்டர் காதில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்துச் சிரித்தான். "வந்துட்டியா பூட்டு?" டயர்க்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவே தானே உட்கார்ந்துகொண்டார். இப்போது சீட்டுப் போடுவது புது டீலர். மேஜைத் துணியைக்கூட மாற்றவில்லை, கறை அப்படியே இருந்தது.

வீட்டில் பெரிய சண்டை. "என் கைய உடைச்சவன் கூட உக்காந்து சீட்டாடிட்டு வர்றியே, உனக்குச் சோறு இறங்குதா?"

"அவன் காசுலதான்டா உன் கை சரியாகணும்."

"எனக்குக் கை வேணாம். அவன் கழுத்து வேணும்."

தட்டைச் சுவரில் அடித்தான். நானும் என் தட்டை அடித்தேன். பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கவிழ்த்தேன், கவிழ்த்தேன், கவிழ்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் தம்பியின் விரலை உடைத்தவன் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் ஏஸும் ஒன்பதும் வந்தால் கவிழ்க்கிறேன். கோபத்தில் ஒரு சுற்று ஆடினால் போதும், ஒரு மாத உழைப்பு போய்விடும். அவனுக்குக் கோபம் வந்தால் காயின் தள்ளுவான். எனக்குக் கோபம் வந்தால் இன்னும் இறுக்குகிறேன். இன்று ஒரு சுற்றில் ரெண்டு பாதியும் வாரினேன். செலவில் பாதி சேர்ந்துவிட்டது.

தொடையில் நகக் குறிகள். மேஜைக்கு அடியில் நானே கிள்ளிக்கொண்டது.

மே 7, வியாழன்

குவியலில் கால் பங்குதான் வந்தது. சின்னப் பக்கத்துக்குப் பல் டாக்டரும் அதே சீட்டைக் காட்டினார். ஜெயித்தும் நஷ்டம். இருந்தாலும் மொத்தத்தில் ஏறுமுகம்தான். இன்னும் ஒரே ஒரு பெரிய சுற்று வந்தால் போதும்.

தம்பி பேசுவதில்லை. கைக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

மே 17, ஞாயிறு

என் கத்திப் பையில் எலும்பு பிரிக்கும் கத்தி ஒன்று இல்லை. மெல்லியது, நன்றாகத் தீட்டியது. தம்பியைக் கேட்டேன். "உன் கத்திய நீ எங்க வச்சியோ" என்றான். சொல்லி முடித்ததும் விக்கல் எடுத்தது.

வீடு முழுக்கத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மே 20, புதன்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

நாலு சீட்டு வந்தது. ஹார்ட்டின் ஏஸ், ஹார்ட்டின் ராஜா. இஸ்பேட் ரெண்டு, இஸ்பேட் மூணு. இதைவிட நல்ல சீட்டு எனக்கு வந்ததில்லை, யாருக்கும் வந்து பார்த்ததும் இல்லை. நடுவில் நாலு, ஏழு, ஜாக் மூன்றும் ஹார்ட்டின். கூட வேறு இனத்தில் எட்டும் ஐந்தும். பெரிய பக்கம் எனக்கு. சின்னப் பக்கம் எனக்கு. யாராலும் தொட முடியாது. கான்ட்ராக்டர் ரெண்டு ஜோடியை வைத்துக்கொண்டு முன்னால் இருந்த அத்தனையையும் தள்ளினான். நானும் தள்ளினேன். ஆபரேஷன், மருந்து, எல்லாம் அந்தக் குவியலில் இருந்தது. என் மனதில் தம்பியின் விரல்கள் மடங்கி விரிந்தன.

அவன் சீட்டைத் திருப்பிப் போட்டான். புது டீலர் என்னைப் பார்த்து, "திருப்புங்கக்கா" என்றான்.

கதவில் தம்பி. டிரைவர் கீழே சிகரெட் வாங்கப் போயிருந்தான். தம்பி நேராகக் கான்ட்ராக்டரின் முதுகுக்குப் பின்னால் வந்தான், இடது கையில் என் கத்தி. வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்ப ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி இல்லை என்னிடம்.

எழுந்து மேஜை மேல் சாய்ந்து, கழுத்தை நோக்கி இறங்கிய அலகை இடது கையால் பிடித்தேன். தினமும் பிடிக்கிற பிடி. கையுறை இல்லை என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது. மடப்பயல், என் கைதான் என்று தெரியாமல் கத்தியை இழுத்தான். உள்ளங்கை குறுக்கே திறந்துகொண்டது. ரத்தம் கான்ட்ராக்டரின் தலையில் கொட்டியது. தம்பி அப்போதுதான் என்னைப் பார்த்தான். கத்தியை விட்டுவிட்டு, "அக்கா, நீ ஏன் புடிச்ச" என்றான். "நீ ஏன்க்கா புடிச்ச."

டிரைவர் ஓடி வந்து தம்பியைத் தள்ளி வயிற்றில் மிதித்தான். நான் ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் உடைத்தேன். அவன் திரும்புவதற்குள் கிரேன்காரர், அந்தப் புருவம் தைத்த மனிதர், அவனைக் கழுத்தோடு சுவரில் அழுத்தி, "போதும்" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவு நடந்தும் கான்ட்ராக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. முகத்தில் வழிந்த என் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு கையாலும் குவியலைத் தன் பக்கம் இழுத்தான். "நீ எழுந்துட்ட. உன் சீட்டு செத்துச்சு."

டயர்க்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமா, செத்துச்சு" என்றேன்.

பல் டாக்டர் அதே மேஜையில் வைத்து என் கையைத் தைத்தார், ஈறு தைக்கிற நூலால். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள். தைத்தபடியே இன்னொரு கையால் என் நாலு சீட்டையும் திருப்பிப் பார்த்தார். அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டார்.

மே 21, வியாழன்

தம்பி என் காலடியிலேயே தூங்குகிறான்.

மே 31, ஞாயிறு

பல் டாக்டர் தையல் பிரிக்க வீட்டுக்கு வந்தார். என் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. "நரம்பு போயிடுச்சு. நான் பல் டாக்டர்மா, இவ்வளவுதான் முடியும்" என்றார். நாங்கள் ரெண்டு பேரும் இனி அந்த மாடிப்படி ஏறக் கூடாது என்று டயர்க்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கான்ட்ராக்டர் எங்களைத் தொடமாட்டானாம். அறையில் எல்லோரிடமும், "அந்தப் பொம்பள இல்லன்னா என் கழுத்து போயிருக்கும்" என்று சொல்கிறானாம்.

உன் கழுத்துக்காகவாடா பிடித்தேன். உன் கழுத்துக்காக ஒரு நகத்தைக்கூடக் கொடுத்திருக்க மாட்டேன், நாயே. அதை அவனிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டாக்டருக்கு வாய் நிற்காது என்று தெரிந்ததுதான். போகும்போது, என்ன சீட்டு வைத்திருந்தேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்.

"திருப்பி வச்சிட்டு வந்திருக்கலாமே" என்றான்.

"வந்திருக்கலாம். நீ இப்ப ஜெயில்ல இருந்திருப்ப."

ஜூன் 6, சனி

எலும்பு டாக்டர் சொன்ன ரெண்டு மாதம் முடிந்துவிட்டது. சேர்த்த பாதியும் அன்றைய குவியலோடு போனது. இறைச்சிக் கூடத்தில் என்னைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கத்தி இல்லை. கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

பொட்டலப் பகுதியில் தம்பிக்கும் வேலை கிடைத்தது. ஒரே ஷிப்ட். நான் வலது கையால் மூடியை அழுத்துகிறேன், அவன் இடது கையால் நாடாவை ஒட்டுகிறான். மேற்பார்வையாளர் முதல் நாள் முறைத்தார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

மதியம் வந்து சாப்பிட்டதும் தம்பி எங்கிருந்தோ சீட்டுக்கட்டை எடுத்து வந்தான். மே மாதத்துக்குப் பிறகு நான் சீட்டைத் தொட்டது இன்றுதான். எனக்கு இடப்பக்கம் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். பாதிக் கட்டு அவன் இடது கையில், பாதி என் வலது கையில். கலைக்கப் பார்த்தோம். சீட்டு அடுப்புக்கு அடியிலெல்லாம் பறந்தது. திட்டினான், திட்டினேன், பொறுக்கினோம். நாலாவதோ ஐந்தாவதோ முறை, கட்டு சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று இறங்கியது.

"நாலு கை இருக்கு, ரெண்டுதான் எடுக்கணும்" என்றான் தம்பி. "சட்டப்படி சரியாத்தான இருக்கு."

விக்கல் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

காயினுக்குப் பதிலாகத் தீக்குச்சிகளைப் பிரித்து வைத்தான். ஆளுக்கு நாலு போட்டான். எனக்கு ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு. கவிழ்க்காமல் ஒரு குச்சியை நடுவில் தள்ளினேன்.